இயங்காத கிராபிக்ஸ் கார்டு: அறிகுறி பார்த்து, சிறு பாகங்களைச் சால்டர் செய்து பழுது நீக்கும் வழிமுறை

பழுதான கிராபிக்ஸ் கார்டு என் மேசைக்கு வரும்போது, “சிப் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க” என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. பிரித்து மீட்டர் வைத்துப் பார்த்தால் பல கார்டுகளில் சிப், அதாவது கார்டின் முதன்மைச் சில்லு, நன்றாகவே இருக்கும். எள்ளளவு கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது கேபினட்டிலிருந்து கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் உரசி இரண்டு மூன்று பாகங்கள் உதிர்ந்திருக்கும். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் சரிபார்ப்பு முறையை மாற்றிக்கொண்டதால் அந்த நாணயத்துக்குக் கார்டு வைத்து மைனிங் செய்யும் வேலை முடிவுக்கு வந்தது. அதன் பிறகு, இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு ஏராளமாக வந்தன. இங்குள்ள குறிப்புகளில் பெரும்பகுதி அப்படிப்பட்ட கார்டுகளில் ஒரே பழுதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் சேர்ந்தவை.

சால்டரிங் ஓரளவு பழகியவருக்காகவே இதை எழுதுகிறேன். முதன்முதலாக அயர்னைக் கையில் எடுப்பவர், எதற்கும் உதவாத மதர்போர்டு ஒன்றில் நூறு கெப்பாசிட்டர்களையாவது எடுத்து, திரும்ப வைத்துப் பழகிவிட்டு வருவது நல்லது. உத்தரவாதக் காலம் முடியாத கார்டை யாரும் தொட வேண்டாம்; அதற்கான இடம் விற்றவரின் கவுண்டர்தான்.

## மேசையில் இருக்க வேண்டியவை

ஓம் அளவில் 0.1 வரை காட்டும் மல்டிமீட்டர், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய சால்டரிங் அயர்ன், ஹாட் ஏர், நல்ல ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை), சால்டர் விக் (உருகிய சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்), கூர்மையான ட்வீசர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு பூதக்கண்ணாடி, வோல்டேஜையும் கரண்ட்டையும் தனித்தனியாக வரம்பிடக்கூடிய டிசி பவர் சப்ளை ஆகியவை போதும். மாற்றுப் பாகங்களுக்குக் கடை கடையாக ஏறி இறங்குவதைவிட, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் எடைக்கு விற்கும் டெட் போர்டு ஒன்றிரண்டை வாங்கி வைத்துக்கொள்வது லாபம். ஒரே டெட் போர்டில் சில நூறு கெப்பாசிட்டர்கள் கிடைக்கும்.

63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும்; தொழிற்சாலையில் இட்ட காரீயமில்லாத சால்டர் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் எந்தப் பாகத்தை எடுக்கும் முன்பும் அதன் இரு முனைகளிலும் காரீய சால்டரைக் கொஞ்சம் கலந்துவிட்டால், போர்டுக்குப் போகும் சூடு குறையும், பேட் (பாகம் ஒட்டியிருக்கும் செம்புத் திட்டு) பிய்ந்து வரும் ஆபத்தும் குறையும். அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும்; வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாட்டைத் தொட வேண்டும்.

## எந்த அறிகுறியானாலும் முதல் வேலை: மின்சாரம் இல்லாமல் அளப்பது

ஹீட்சிங்கைக் கழற்றி, கார்டை எதிலும் செருகாமல் மேசையில் வைத்து, கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையை ஒவ்வொரு மின் லைனின் காயில் (கம்பிச்சுருள் அடங்கிய பாகம்) மீதும் வைத்து ஓம் அளவை எழுதிக்கொள்ள வேண்டும். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் 0.2 அல்லது 0.3 ஓம் வயருடைய சொந்தத் தடை என்பதால், அதை ஒவ்வொரு அளவிலிருந்தும் கழித்துக்கொள்ள வேண்டும்.

12 வோல்ட் லைனில் சில நூறு ஓம் முதல் பல கிலோ ஓம் வரை வருவது வழக்கம். 5 வோல்ட், 1.8 வோல்ட் லைன்களிலும் நூறு ஓமுக்கு மேல் எதிர்பார்க்கலாம். மெமரி லைனில் பெரும்பாலும் சில பத்து ஓம்கள் வரும். சிப்பின் கணக்கிடும் பகுதிக்கு மின்சாரம் தரும் கோர் லைன்தான் புதியவர்களை ஏமாற்றும் இடம்: பெரிய சிப்புகளில் அது ஒரு ஓமுக்கும் கீழே இருப்பது இயல்பு. மீட்டரைப் பஸ்ஸரில் வைத்துக் கோர் காயிலைத் தொட்டால் நிச்சயமாகக் கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, நல்ல சிப்பை “ஷார்ட்” என்று எழுதி மூட்டை கட்டியவர்களை நான் அறிவேன், ஆரம்பத்தில் நானே அப்படி ஒன்றை மூட்டை கட்டியிருக்கிறேன். இந்த வேலையில் பஸ்ஸரை மறந்துவிட்டு எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். அதே மாடல் நல்ல கார்டு ஒன்று கிடைத்தால் அதன் எண்களோடு ஒப்பிடுவதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை.

## அறிகுறி 1: கார்டைச் செருகினால் கணினியே ஆன் ஆவதில்லை

பவர் பட்டனை அழுத்தினால் மின்விசிறி ஒரு கணம் அசைந்து நின்றுவிடுகிறது. கார்டை எடுத்துவிட்டால் கணினி ஒழுங்காக ஓடுகிறது. எஸ்எம்பிஎஸ் (கணினியின் பவர் சப்ளை) தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது என்பதே இதன் பொருள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது இங்கே மிகத் தவறான செயல். ஏன் என்பது கீழே வரும்.

முதலில் செலவில்லாதவற்றைப் பார்க்க வேண்டும். கார்டின் பின்தகட்டுக்கு அடியில் கழன்று விழுந்த ஸ்க்ரூ, சால்டர் துளி, கரப்பான் எச்சம் ஆகியவை ஷார்ட் உண்டாக்கி நான் பார்த்திருக்கிறேன். கடலோர ஊர்க் கார்டுகளில் உப்புக் காற்றால் பச்சை பூத்த இடங்களை ஆல்கஹாலும் பிரஷ்ஷும் கொண்டு துடைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

அதன் பிறகு 12 வோல்ட் லைன்களைத் தனித்தனியாக அளக்க வேண்டும். 6 முனை அல்லது 8 முனை இணைப்பியில் வரும் 12 வோல்ட் ஒன்று; ஸ்லாட்டில் செருகும் தங்க முனைகளில், சிப் இருக்கும் பக்கத்தில், பிராக்கெட்டை (மானிட்டர் போர்ட்கள் இருக்கும் உலோகத் தகடு) ஒட்டிய முதல் மூன்று முனைகளில் வரும் 12 வோல்ட் இன்னொன்று. பல கார்டுகளில் இவை தனித்தனிக் காயில்கள் வழியாகத் தனித்தனி வேலைக்குப் போகின்றன; எது ஷார்ட் என்று தெரிந்தாலே தேட வேண்டிய பரப்பு பாதியாகிவிடும்.

### 12 வோல்ட் லைனில் ஓர் ஓமுக்கும் கீழே வந்தால்

இங்கே இரண்டு காரணங்கள் ஒரே எண்ணைக் காட்டும். ஒன்று, 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இருக்கும் பீங்கான் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கும்; இதற்குச் செலவு சில ரூபாய். மற்றொன்று, 12 வோல்ட்டைக் கோருக்குத் திறந்து மூடும் மேல்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகி, 12 வோல்ட் நேராகக் கோருக்கே போகும் வழி திறந்திருக்கும். அப்போது மீட்டர் காட்டுவது கோரின் தடையைத்தான். ஒரு வோல்ட்டைச் சுற்றி வாழும் சிப்புக்கு 12 வோல்ட் போனால் அது பிழைக்காது. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்க வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்: எஸ்எம்பிஎஸ் நிற்பதற்கு முன்னான அந்த ஒரு கணமே சிப்பை முடித்துவிடக்கூடும்.

இரண்டையும் பிரித்தறிய, கிரவுண்டை விட்டுவிட்டு 12 வோல்ட்டுக்கும் கோர் காயிலுக்கும் இடையே அளக்க வேண்டும். மீட்டர் வயரின் தடையைக் கழித்தபின் ஏறக்குறைய பூஜ்ஜியம் வந்தால் மாஸ்ஃபெட். கோரின் தடைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ வந்தால் கெப்பாசிட்டர். மெமரி காயிலுக்கும் இதே அளவை எடுக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கத்து மாஸ்ஃபெட்டும் இதே போலப் போகக்கூடியது.

### எந்தக் கெப்பாசிட்டர் என்று கண்டுபிடிப்பது

12 வோல்ட் லைனில் டஜன் கணக்கில் கெப்பாசிட்டர்கள் பக்கவாட்டாக இணைந்திருப்பதால் எதைத் தொட்டாலும் மீட்டர் ஷார்ட் என்றே காட்டும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது போர்டைக் கெடுக்கும் வழி. பவர் சப்ளையை முதலில் 1 வோல்ட்டுக்கும் 1 ஆம்பியருக்கும் வைத்துவிட்டு, அதன் பிறகே கார்டின் 12 வோல்ட் லைனிலும் கிரவுண்டிலும் இணைக்க வேண்டும். ஆல்கஹாலை மெல்லிய படலமாக போர்டின் மீது தடவிவிட்டு, கரண்ட்டை மெல்ல 3, 4, 5 ஆம்பியர் என்று ஏற்றினால், ஈரம் எல்லா இடத்திலும் மின்னிக்கொண்டிருக்க, ஒரே ஒரு கெப்பாசிட்டரைச் சுற்றி மட்டும் அரைக்கால் அங்குல வட்டமாகக் காய்ந்து வெளுக்கும். அதுதான் குற்றவாளி. தெர்மல் கேமரா இருந்தால் இந்த வேலை மூன்று நொடியில் முடியும். இல்லாதவருக்கு ஆல்கஹால் குறைவற்றது. கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும், கெட்ட கெப்பாசிட்டர் சில நேரம் வெடித்துத் தெறிக்கும்.

கெப்பாசிட்டர் எதுவும் சூடாகாமல் சிப்பே வெதுவெதுப்பானால், மாஸ்ஃபெட் வழியாகக் கரண்ட் கோருக்குப் போகிறது என்று பொருள். வோல்டேஜ் 1-ஐத் தாண்டாமல் வைத்திருந்ததால் சிப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உடனே நிறுத்திவிட்டு, எந்த மாஸ்ஃபெட் அதிகமாகச் சூடேறியிருக்கிறது என்று விரலால் பார்க்கலாம்.

### எடுத்து மாற்றுவது

கெட்ட கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் ஃபிளக்ஸும் காரீய சால்டரும் இட்டு, ஹாட் ஏரைச் சுமார் 380 டிகிரியில் வைத்து, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இணைப்பிகளை வெப்பம் தாங்கும் பழுப்பு டேப்பால் மூடிவிட்டுச் சூடேற்ற வேண்டும். கிராபிக்ஸ் கார்டின் போர்டில் செம்பு அடுக்குகள் பல இருப்பதால் கிரவுண்ட் பக்க முனை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அடியிலிருந்து 100 முதல் 150 டிகிரி வரை முன்கூட்டியே சூடேற்றினால் மட்டுமே பாகம் வலியில்லாமல் வரும். வராத பாகத்தை ட்வீசரால் நெம்பினால் பேடும் சேர்ந்து வரும்.

எடுத்தபின் லைனை மறுபடி அளந்து, கிலோ ஓம் திரும்பியிருந்தால் பாதி வெற்றி. பத்துப் பன்னிரண்டு கெப்பாசிட்டர் இருக்கும் இடத்தில் ஒன்று இல்லாமல் கார்டு ஓடும் என்பதால், சோதனைக்காக அப்படியே ஆன் செய்யலாம். நிரந்தரமாக வைக்கும் மாற்றுப் பாகம் 12 வோல்ட் லைனில் 16 வோல்ட்டுக்குக் குறையாத, முடிந்தால் 25 வோல்ட் தாங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கறுப்புப் பட்டை போட்ட உருளை வடிவ பாலிமர் கெப்பாசிட்டரில் பட்டை எதிர்முனையைக் குறிக்கும். டான்டலம் வகையில் பட்டை நேர்முனையைக் குறிக்கும். இந்த முரண்பாட்டை மறந்து மாற்றி வைத்தால் ஆன் செய்த கணமே புகை வரும்.

மாஸ்ஃபெட் என்றால் அதை எடுத்துவிட்டு 12 வோல்ட்டுக்கும் கோருக்கும் இடையிலான தடை உயர்ந்ததா என்று பார்த்து, அதே எண்ணுள்ள பாகத்தை வைக்க வேண்டும். ஆனால் மாஸ்ஃபெட் போகும்போது அதை இயக்கும் டிரைவரையும் கோரையும் சேர்த்துக் கொண்டுபோவது வழக்கம். கோர் லைன் மாஸ்ஃபெட்டை எடுத்த பிறகும் 0.0 ஓமிலேயே நின்றால், சிப் போயிற்று. அதற்கு மேல் செலவு செய்யாமல் அந்தக் கார்டை டெட் போர்டு பெட்டியில் சேர்ப்பதே என் வழக்கம். மாஸ்ஃபெட்டும் டிரைவரும் ஒரே பாகமாக, கால்கள் எல்லாம் அடியில் மறைந்திருக்கும் வகையாக இருந்தால், அடிச்சூடு கருவி இல்லாதவர் அந்தக் கட்டத்திலேயே தொழில்முறைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

## அறிகுறி 2: மின்விசிறி சுற்றுகிறது, திரையில் எதுவும் வருவதில்லை

வேறு கேபிள், கார்டின் வேறு போர்ட், வேறு மானிட்டர், வேறு கணினி என்று நான்கையும் மாற்றிப் பார்த்த பிறகே கார்டைக் குறை சொல்ல வேண்டும். தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து ஆல்கஹாலால் துடைத்துவிட்டுச் செருகினாலே உயிர்பெறும் கார்டுகள் உண்டு. பயாஸ் (கார்டு தொடங்கும்போது படிக்கும் மென்பொருள்) மாற்றும் சிறு சுவிட்ச் இருந்தால் மறுபக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும்.

### மின்விசிறி ஆரம்பத்திலிருந்தே முழு வேகத்தில் கத்தினால்

நான்கு கம்பி மின்விசிறிக்கு வேகம் சொல்ல ஆள் இல்லையென்றால் அது முழு வேகத்தில் ஓடும். அதாவது சிப் விழிக்கவே இல்லை. இங்கே மின் லைன்களை ஓடும் நிலையில் அளக்க வேண்டும். ரைசர் கேபிள் (ஸ்லாட்டை நீட்டித் தரும் கேபிள்) வழியாகக் கார்டை வெளியே எடுத்து வைத்து, மீட்டர் முனை வழுக்கி இரண்டு கால்களை ஒன்றாகத் தொட்டுவிடாதபடி நுனி மட்டும் வெளியே தெரியுமாறு டேப் சுற்றிக்கொண்டு, சிப்பின் மேல் சிறிய ஹீட்சிங்காவது வைத்துவிட்டு அளப்பது என் முறை.

வரிசை ஏறக்குறைய இது, கார்டுக்குக் கார்டு சற்று மாறலாம்: ஸ்லாட்டிலிருந்து வரும் 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும், பிறகு 5 வோல்ட், 1.8 வோல்ட், ஸ்லாட் தொடர்புக்கான ஏறக்குறைய 1 வோல்ட், மெமரிக்கு வகையைப் பொறுத்து 1.35 அல்லது 1.5 வோல்ட், கோருக்கு சுமார் 0.7 முதல் 1.1 வோல்ட். ஒன்று எழுந்து, தான் தயார் என்று சைகை கொடுத்த பிறகே மற்றொன்று எழும் ஏற்பாடு இருப்பதால், இல்லாத லைன்களில் முன்னால் இருப்பதை மட்டுமே துரத்த வேண்டும். 1.8 வோல்ட் இல்லாத கார்டில் கோர் வோல்டேஜ் ஏன் இல்லை என்று ஒரு மாலை முழுவதும் தேடியது எனக்கு நல்ல பாடம்.

12 வோல்ட் இணைப்பியில் இருக்கிறது, ஆனால் காயிலில் இல்லை என்றால், நடுவே உள்ள ஃபியூஸையோ ஆர்002, ஆர்005 என்று பொறித்த ஷண்ட் ரெசிஸ்டரையோ அளக்க வேண்டும். இரண்டுமே ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்ட வேண்டியவை. ஃபியூஸ் தானாகப் போவதில்லை. அதற்குப் பின்னால் ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்த பிறகே புது ஃபியூஸ் வைக்க வேண்டும். ஃபியூஸுக்குப் பதிலாக வயர் வைத்து இணைத்த கார்டுகள் அவ்வப்போது என்னிடம் வருகின்றன. அந்த வயர் மட்டும் புத்தம் புதிதாக இருக்கும், மற்றதெல்லாம் கருகியிருக்கும்.

### எல்லா வோல்டேஜும் சரியாக இருந்தும் கணினி கார்டை அறியவில்லை என்றால்

பயாஸ் சிப்பைச் சந்தேகிக்கலாம். எட்டுக் கால்கள் கொண்ட 25 வரிசை சிப் அது. சிஎச்341ஏ புரோகிராமரில் (இந்த வகைச் சிப்பைப் படித்து எழுதும் சிறு கருவி) முதலில் இருப்பதைப் படித்துச் சேமித்துவிட்டு, அதே மாடலுக்கும் அதே மெமரி வகைக்கும் உரிய கோப்பை எழுத வேண்டும். சிப் 3.3 வோல்ட்டா, 1.8 வோல்ட்டா என்று அதன் எண்ணைத் தேடிப் பார்க்காமல் இணைத்தால் அதுவும் போய்விடும், 1.8 வோல்ட்டுக்குத் தனி அடாப்டர் வேண்டும். மலிவான கறுப்பு நிறப் புரோகிராமர் பலவற்றில் தரவுக் கால்களில் 5 வோல்ட் வரும் குறை இருப்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

பயாஸும் சரி, உதிர்ந்த பாகமும் இல்லை என்றால், சிப்புக்கும் போர்டுக்கும் இடையிலான சால்டர் உருண்டைகளோ சிப்போதான் மிச்சம். வீட்டுக் கருவிகளின் எல்லை அதுவே.

## அறிகுறி 3: பாகம் உதிர்ந்திருக்கிறது, அல்லது 16 லேன் கார்டு 8, 4, 1 லேனில் ஓடுகிறது

கையால் செய்யும் திருத்தங்களில் முழு வெற்றி கிடைப்பது இந்த அறிகுறியில்தான். லேன் என்பது கார்டும் மதர்போர்டும் தரவு பரிமாறிக்கொள்ளும் வழி. ஜிபியு-இசட் மென்பொருளில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பார்க்க வேண்டும்; சும்மா இருக்கும்போது கார்டு வேகத் தலைமுறையைக் குறைத்துக்கொள்வது இயல்பு என்பதால், பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்திச் சுமை கொடுத்துவிட்டு லேன் எண்ணைப் படிக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 ஆகியவை வடிவமைப்பிலேயே 8 லேன் கார்டுகள், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 லேன் கார்டு. இவற்றில் இல்லாத பழுதைத் தேட வேண்டாம். மதர்போர்டின் இரண்டாவது நீள ஸ்லாட்டில் செருகியிருந்தாலும் லேன் குறைவாகவே வரும்.

ஸ்லாட்டுக்குச் சற்று மேலே, தங்க முனைகளின் தலைமாட்டில், வரிசையாக நிற்கும் சிறு கெப்பாசிட்டர்களே இந்த லேன்களின் வாசல்கள். கார்டிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஒவ்வொரு லேனுக்கும் ஒரு ஜோடி என்பதால் 16 லேனுக்கு 32 இருக்கும். ஸ்லாட்டின் பிளாஸ்டிக் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கும்போது உரசுவது இவற்றைத்தான். பிராக்கெட்டுக்கு அருகில் உள்ள பிளவைத் தாண்டியதும் லேன் எண் பூஜ்ஜியத்தில் தொடங்கி மறுமுனையில் 15-இல் முடிகிறது. மறுமுனைப் பாதியில் உதிர்ந்தால் கார்டு 8 லேனில் ஓடும். 4 முதல் 7 வரையிலானவற்றில் உதிர்ந்தால் பெரும்பாலும் 4. பிளவுக்கு அருகிலேயே உதிர்ந்தால் 1, அல்லது கார்டையே காணவில்லை.

ஒரு கல்லூரி மாணவர், விளையாட்டு திக்குகிறது என்று 6 ஜிபி கார்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஜிபியு-இசட் 4 என்றது. லேன் வரிசையில் ஐந்து கெப்பாசிட்டர்கள் இல்லை. அவற்றில் ஓர் இடத்தில் பேடும் பிய்ந்து போயிருந்தது. உதிர்ந்தவற்றை அவர் திருநீறு மடிப்பதுபோல் காகிதத்தில் மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றை நான் பயன்படுத்தவில்லை, ஏனென்றால் பிய்ந்து விழுந்த கெப்பாசிட்டரின் முனை உலோகமும் பீங்கானும் விரிசல் விட்டிருக்கும். மேலே ஒட்டினாலும் நாளை மறுபடி வரும்.

### வைக்கும் முறை

இந்த இடத்துக்கு மூன்றாம் தலைமுறைக் கார்டுகளில் 0.22 மைக்ரோஃபாரட் வழக்கமான மதிப்பு. டெட் போர்டின் அதே இடத்திலிருந்து எடுத்து, போர்டுக்கு வெளியே மீட்டரில் அளந்து ஏறக்குறைய அந்த மதிப்பு வருவதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பல கார்டுகளில் இதன் நீளம் 1 மில்லிமீட்டர், அகலம் அரை மில்லிமீட்டர், மூச்சுவிட்டால் பறக்கும்.

முதலில் தங்க முனைகள் முழுவதையும் பழுப்பு டேப்பால் மூட வேண்டும். அவற்றின் மீது சால்டர் ஒரு பொட்டு விழுந்தால்கூட அந்த முனை ஸ்லாட்டில் சரியாகச் சேராது. உடைந்த மிச்சத்தை விக்கால் துடைத்து, ஆல்கஹாலால் கழுவி, இரு பேடுகளும் வெள்ளி நிறத்தில் தட்டையாகத் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். பிறகு ஒரு பேடில் மட்டும் சிறிது சால்டர் ஏற்றி, ஃபிளக்ஸ் பூசி, கெப்பாசிட்டரை ட்வீசரால் அதன் இடுப்பில் பிடித்து, சால்டர் ஏற்றிய அந்தப் பேடை அயர்னால் தொட்டு, சால்டர் உருகியிருக்கும் கணத்தில் பக்கவாட்டாக உள்ளே தள்ளி, அயர்னை எடுத்துவிட்டு இரண்டு நொடி கை அசையாமல் நிற்க வேண்டும். கெப்பாசிட்டர் போர்டோடு படிந்திருக்கிறதா, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, மறுபக்கத்துக்குச் சால்டரைத் தொட வேண்டும். இந்தச் சிறு வேலைக்கு ஹாட் ஏரைவிட மெல்லிய முனை அயர்னே மேல், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் காற்றில் நகராமல் இருப்பார்கள்.

பேட் பிய்ந்த இடத்தில், அதற்கு வந்து சேரும் தடத்தின் மேலுள்ள பச்சைப் பூச்சைக் கத்தி நுனியால் ஒன்றரை மில்லிமீட்டர் சுரண்டிச் செம்பை வெளிக்கொண்டுவந்து, அதில் சால்டர் ஏற்றி, 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பியை அங்கிருந்து கெப்பாசிட்டரின் முனைக்கு இழுத்து ஒட்ட வேண்டும். கம்பி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. இது அதிவேகத் தரவு போகும் வழி. மேலே புறஊதா ஒளியில் உறையும் பச்சைப் பூச்சைத் தடவி உறைய விட்டால் கம்பி அசையாது. அந்த மாணவரின் கார்டில் இந்தக் கம்பி ஒன்றுக்கே முக்கால் மணி நேரம் ஆனது. மற்ற நான்கும் கால் மணியில் முடிந்தன. செருகிப் பார்த்தபோது ஜிபியு-இசட் 16 என்றது.

பாகங்கள் எல்லாம் இருந்தும் லேன் குறைந்தால், மீட்டரை டையோடு நிலையில் வைத்து, கெப்பாசிட்டர்களின் சிப் பக்க முனைகளை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். எல்லாம் ஒரே எண்ணைக் காட்ட, ஒன்று மட்டும் மாறினால் பழுது சிப்பின் பக்கம். அதற்குச் சால்டரில் மருந்தில்லை, 8 லேனிலேயே ஓட்டிக்கொள்ளலாம்.

### உதிர்ந்தது லேன் கெப்பாசிட்டர் அல்ல என்றால்

பயாஸ் சிப்பைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர்கள் மெமரியின் வகை போன்ற அமைப்புகளைக் கார்டுக்குச் சொல்பவை; அங்கே யூகித்து ஒரு மதிப்பை வைப்பது ஆபத்து. டெக்பவர்அப் தளத்தின் விமர்சனங்களில் பல கார்டுகளின் போர்டைப் பெரிய அளவில் படமெடுத்துப் போட்டிருப்பார்கள். உதிர்ந்தது எது, அங்கே உண்மையிலேயே பாகம் இருந்ததா, அல்லது தொழிற்சாலையிலேயே காலியாக விட்ட இடமா என்பதை அந்தப் படம் தீர்த்துவைக்கும். காலி பேடைப் பார்த்துப் பதறியவர்களே அதிகம்.

## அறிகுறி 4: திரையில் கோடுகள், கட்டங்கள், அல்லது விண்டோஸ் காட்டும் பிழைக் குறியீடு 43 (Code 43)

கணினியிலுள்ள டிரைவர் மென்பொருளை முழுவதும் நீக்கி மறுபடி நிறுவுவதும், மெமரி வேகத்தைச் சற்றுக் குறைத்துப் பார்ப்பதும் செலவில்லாத முதல் படி. அடுத்து மெமரி லைனின் தடையும் வோல்டேஜும். மெமரி சிப்புகளின் மேலுள்ள தெர்மல் பேட்கள் காய்ந்து எண்ணெய் கக்கியிருந்தால் அதே தடிமனில் மாற்ற வேண்டும். தடிமன் கூடினால் கோருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இடைவெளி விழும். ஓசிசிடி மென்பொருளின் மெமரி சோதனை பிழைகள் இருப்பதை உறுதி செய்யும்.

பிழை உறுதியானால் இது சிறு பாக வேலை அல்ல. ஜிடிடிஆர்5 சிப்பின் அடியில் 170 உருண்டைகளும் ஜிடிடிஆர்6 சிப்பின் அடியில் 180 உருண்டைகளும் இருக்கின்றன. பிஜிஏ கருவி (அடியில் உருண்டைகள் கொண்ட சிப்பை எடுத்து வைக்கும் கருவி) உள்ளவரிடம் கொடுப்பதே முறை. கார்டை அடுப்பில் வைத்துச் சுடும் வித்தையைப் பரிந்துரைப்பவர்கள் இன்னமும் உண்டு. சில நாள் ஓடுவதுபோல் ஓடிவிட்டு நிற்கும், கெப்பாசிட்டர்களையும் இணைப்பிகளையும் வாட்டிவிடும், பிறகு உண்மையான பழுதைத் தேடி வருபவருக்கும் வழியில்லாமல் செய்துவிடும். சமைக்கும் அடுப்பு என்றால் அந்தப் புகையை உணவும் தின்னும்.

## அறிகுறி 5: விளையாடத் தொடங்கினால் மட்டும் அணைகிறது

எஸ்எம்பிஎஸ் திறன் போதுமா என்பது முதல் கேள்வி. ஸ்லாட் 75 வாட், 6 முனை இணைப்பி 75 வாட், 8 முனை இணைப்பி 150 வாட் தர வேண்டியவை. ஒரே கேபிளின் இரு தலைகளை இரண்டு இணைப்பிகளில் செருகியிருந்தால், தனித்தனிக் கேபிளாக மாற்றிப் பார்க்க வேண்டும். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறதா என்பது இரண்டாவது.

இணைப்பியின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அதைத் துடைத்துவிட்டு ஓட்டக் கூடாது. உள்ளே முனை தளர்ந்து தடை கூடியிருக்கும், கார்டின் இணைப்பியையும் கேபிளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் 16 முனை இணைப்பி உருகிய செய்திகள் வந்த பிறகு, அந்த வகையில் கேபிளைக் கடைசிவரை அழுத்திச் செருகியிருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

இவை எல்லாம் சரி என்றால், சுமை ஓடும்போது கோர் காயில்களின் சூட்டை ஒப்பிட வேண்டும். எல்லாம் கொதிக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தப் பிரிவு வேலை செய்யவில்லை; அதன் மாஸ்ஃபெட், அதன் டிரைவர், நடுவிலுள்ள சிறு ரெசிஸ்டர் என்ற வரிசையில் பக்கத்துப் பிரிவோடு ஒப்பிட்டு அளந்தால் பழுது தெரியும். கட்டுப்படுத்தும் சிப்பே பழுது என்றால் அனுபவம் உள்ளவரிடம் கொடுக்கலாம்.

## திரும்பப் பொருத்தும் முன்

ஃபிளக்ஸ் மிச்சத்தை ஆல்கஹாலால் கழுவி, முழுவதும் காயவிட்டு, தொடக்கத்தில் எழுதிவைத்த ஒவ்வொரு லைனின் தடையையும் மறுபடி அளந்து பக்கத்தில் எழுத வேண்டும். எந்த எண்ணாவது குறைந்திருந்தால் ஆன் செய்யாமல் சால்டர் துளிகளைத் தேட வேண்டும். முதல் முறை ஆன் செய்வதற்குச் சொந்தக் கணினி வேண்டாம். போனால் போகட்டும் என்று விடக்கூடிய பழைய மதர்போர்டும், பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக வேலை செய்யும் எஸ்எம்பிஎஸ்ஸும் போதும். திரை வந்ததும் அரை மணி நேரம் சுமை கொடுத்து ஓட்டிவிட்டு, அணைத்து, குளிரவிட்டு, மறுபடி ஆன் செய்து பார்த்த பிறகே பின்தகட்டை மூடுகிறேன். சூட்டில் ஓடிவிட்டு, குளிர்ந்ததும் எழ மறுக்கும் சால்டர் முனை அந்த இரண்டாவது முறையில்தான் பிடிபடும்.